ஜாமீன் கிடைத்தும் போகாதவர்கள்

ரேவதி போன் செய்தபோது நான் திண்டிவனத்தில் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். ரேவதி என்னிடம் வேலை கற்றுக்கொண்ட சிறைக் காவலர். இப்போது அவளே சீனியர் ஆகிவிட்டாள். இன்னமும் என்னை ‘ஏட்டம்மா’ என்றுதான் கூப்பிடுவாள். சிறையில் தலைமைக் காவலரை ஏட்டு என்பார்கள். நான் பெண் என்பதால் ஏட்டம்மா. ரிட்டயர் ஆன பிறகும் பென்ஷனோடு சேர்ந்து அந்தப் பெயரும் என் கூடவே வருகிறது.

“ஏட்டம்மா, சிறைச் சட்டத்தைத் திருத்தப் போறாங்களாம். விழுப்புரத்துல கருத்துக் கேக்கற கூட்டம் போடறாங்க. ரிட்டயர் ஆனவங்களும் வந்து பேசலாமாம். நீங்க வர்றீங்களா?”

“பேச எவ்ளோ நேரம் குடுக்கறாங்க?”

“மூணு நிமிஷமாம்.”

முப்பது வருஷத்துக்கு மேல் சாவிக்கொத்தோடு நடந்தவளுக்கு மூன்று நிமிஷம். முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் எனக்கு அது தாராளம். நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு விஷயம். அவர்கள் கூப்பிடாமல் இருந்திருந்தாலும் நான் போய் வாசலில் நின்றிருப்பேன்.

“வர்றேன். கூட ஒரு ஆளையும் இட்டுக்கினு வர்றேன்,” என்றேன். யார் என்று கேட்டாள். வந்தால் தெரியும் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அந்த ஆள் யார், ஏன் அவளை அழைத்துக்கொண்டு போக வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் குடும்பம் ஒலக்கூர் பக்கம் கொஞ்சம் நிலம் வைத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுக்கொண்டிருந்த குடும்பம். வேலைக்கு விளம்பரம் வந்தது, உயரம் இருந்தது, ஓட்டத்தில் ஜெயித்தேன், எடுத்துக்கொண்டார்கள். பொண்ணை ஜெயிலுக்கு அனுப்பறியா என்று என் அப்பாவைக் கேட்காத ஆள் எங்கள் தெருவில் கிடையாது. பயிற்சியில் கவாத்தும் கயிறு ஏறவும் கற்றுத் தந்தார்கள். அதைவிட முக்கியமாக ஒரு பாடம் சொன்னார்கள்: கைதியின் கேஸ் உனக்கு வேண்டாம். அவள் என்ன செய்தாள், செய்யவில்லை என்பதையெல்லாம் கோர்ட் பார்த்துக்கொள்ளும். உனக்கு வேண்டியது தலை. காலையில் எத்தனை தலையைத் திறந்துவிட்டாயோ அத்தனை தலையைச் சாயங்காலம் பூட்டு. தெரிந்துகொண்டால் இரக்கம் வரும், இல்லாவிட்டால் வெறுப்பு வரும், இரண்டும் டூட்டிக்கு ஆகாது என்றார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. நானும் வெகுகாலம் அப்படித்தான் வேலை பார்த்தேன்.

நான் கடைசியாக வேலை பார்த்தது ஒரு பெண்கள் கிளைச் சிறை. ஊர் பெயர் வேண்டாம். எந்த ஊர்ச் சிறையிலும் நடக்கக்கூடியதுதான். தண்டனை பெற்றவர்கள் பெரிய சிறைக்குப் போய்விடுவார்கள். எங்களிடம் இருப்பவர்கள் எல்லோருமே கேஸ் முடியாதவர்கள். சட்டப்படி பார்த்தால் ஒருத்தியும் குற்றவாளி இல்லை.

சாயங்கால எண்ணிக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெயில் இறங்குவதற்கு முன்னாலேயே ராத்திரிச் சாப்பாட்டைக் கொடுத்து முடித்துவிடுவோம். தட்டைக் கழுவி வைத்ததும் எல்லோரும் கூடத்தில் இரண்டிரண்டு பேராக வரிசையில் உட்கார வேண்டும். நான் முன்னால் இருந்து எண்ணிக்கொண்டு போவேன். இன்னொரு காவலர் பின்னால் இருந்து எண்ணிக்கொண்டு வருவார். எண்ணும்போது வாய் திறக்கக் கூடாது. விரலை மடக்கக் கூடாது, கண்ணால் மட்டும்தான் எண்ண வேண்டும். இரண்டு பேரும் நடுவில் கடந்து போய், கடைசியில் ஒரே நேரத்தில் எண்ணைச் சொல்ல வேண்டும். ஒத்துப்போனால் உள்ளே விட்டுப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, அதிகாரி முன்னால் போய் ‘எண்ணிக்கை சரி’ என்று சொல்லிச் சாவியை ஒப்படைப்போம். அப்புறம் வாசலில் இருக்கும் கரும்பலகையில் அன்றைய கணக்கைச் சாக்பீஸால் எழுதுவோம். எத்தனை பேருக்கு இடம், எத்தனை பேர் இருக்கிறார்கள், விசாரணைக் கைதி எத்தனை, குழந்தை எத்தனை. அதே கணக்கு மேலிடத்துக்கும் போகும். அங்கிருந்து இன்னும் மேலே போகும். டெல்லியில் அச்சடிக்கும் புத்தகம் வரைக்கும் எங்கள் சாக்பீஸ் எண்தான் போகிறது என்று ஒரு அதிகாரி பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஒரு தடவை ஒரு தலை குறைந்தது. மறுபடி எண்ணினோம். மறுபடியும் குறைந்தது. விசில் ஊதி, கேட்டை அடைத்து, ஆளாளுக்கு ஓடி, கிணற்றுக்குள் டார்ச் அடித்துக்கூடப் பார்த்தோம். கடைசியில் பார்த்தால், காயப்போட்ட கம்பளிக்குப் பின்னால் ஒரு கிழவி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அதற்காக எங்களுக்கு மெமோ வந்தது, விளக்கம் எழுதினோம், ஒரு வாரம் யாருக்கும் லீவு இல்லை. ஒரு தலை ஒரு நாழிகை காணாமல் போனால் இத்தனை அமர்க்களம். ஆனால் போக வேண்டிய ஒருத்தி போகாமல் மாதக்கணக்கில் உள்ளேயே உட்கார்ந்திருந்தால் ஒரு தூசு கூடக் கிளம்பாது. எண்ணிக்கைதான் சரியாக இருக்கிறதே!

இந்த விஷயம் எனக்கு உறைத்தது தமயந்தி மேடம் வந்த பிறகுதான். எங்கள் சிறைக்குப் பொறுப்பதிகாரியாக மாற்றலில் வந்தார். சின்ன உருவம், மெல்லிய குரல். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். அதுதான் பயமாக இருக்கும். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. நாம் ஒரு விஷயத்தைச் சொல்லி முடித்ததும், முடியவே இல்லை என்பது போல நம் முகத்தையே பார்த்துக்கொண்டு ‘அப்புறம்?’ என்பார்.

முதல் நாள் சாயங்காலம் விறைப்பாகப் போய் நின்று, “எண்ணிக்கை சரிங்க மேடம்,” என்றேன்.

“அப்புறம்?”

“பூட்டு சரிங்க மேடம்.”

“அப்புறம்?”

அப்புறம் என்ன இருக்கிறது? விளக்கு எரிகிறது, தண்ணீர் வருகிறது, கர்ப்பிணி ஒருத்திக்கு மாத்திரை கொடுத்தாயிற்று என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, “இவங்க ஒவ்வொருத்தரும் இன்னைக்கி ஏன் இங்க இருக்காங்க, விஜயா?” என்றார்.

“கோர்ட்ல ரிமாண்ட் பண்ணியிருக்காங்க மேடம்.”

“அது வந்த கதை. நான் கேக்கறது, இன்னும் போகாம ஏன் இருக்காங்கன்னு.”

எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளாதே என்றுதானே சம்பளம் கொடுத்துச் சொல்லி வைத்திருந்தார்கள்?

மறுநாளிலிருந்து ஒரு வேலை ஆரம்பித்தது. காலை டீ முடிந்ததும் ஒன்றிரண்டு பேரைக் கூப்பிட்டு, எதிரில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, அவர்களுடைய ஃபைலை அவர்கள் முன்னாலேயே பிரித்து, ஒவ்வொரு தாளையும் மேடம் படித்துக் காட்டுவார். இது என்ன தாள், யார் அனுப்பியது, என்ன சொல்கிறது என்று பேச்சுத் தமிழில் விளக்குவார். கைதிக்கு நாற்காலியா என்று எங்களில் சிலர் முணுமுணுத்தார்கள். நானும் முணுமுணுத்த கூட்டத்தில்தான் இருந்தேன். சமையலுக்கு விறகு வரவில்லை, எஸ்கார்ட் போலீஸ் வரவில்லை, இதில் தினம் கதா காலட்சேபம் வேறு என்று இருந்தது எனக்கு.

அப்படி ஒரு காலையில்தான் பச்சையம்மாளின் முறை வந்தது.

பெருமுக்கல் பக்கத்து ஆள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. கூட்டேரிப்பட்டில் ரோட்டோர ஓட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவி, காய் நறுக்கிக்கொண்டிருந்தவள். முதலாளி வீட்டு நகை காணோம் என்று அவள் மேல் கேஸ். எடுத்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது; இன்றைக்கும் தெரியாது. சிறையில் அவளால் எந்தத் தொந்தரவும் இல்லை. எண்ணும்போது எப்போதும் கடைசி ஜோடியில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். குறிப்பிட்ட நாளில் காணொலி முன்னால் உட்காரவைப்போம். திரையில் நீதிபதி முகம் தெரியும், காவலை நீட்டித்ததாகச் சொல்வார்கள், எழுந்து வந்துவிடுவாள். அதுதான் தண்டனை என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு முந்தைய வாரம் அவளைப் பார்க்க அவள் நாத்தனார் வந்திருந்தாள். சிறையில் வந்து பார்ப்பதை மனு என்பார்கள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று நாத்தனார் சொன்னது என் காதிலும் விழுந்தது. பச்சையம்மாளின் வீடு ஏரிப் புறம்போக்கில் இருக்கிறது. அங்கே இருப்பவர்களைக் காலி பண்ணவைத்து வேறு இடத்தில் பட்டா தரப்போகிறார்கள். அதற்கு வீடு வீடாகக் கணக்கெடுக்க ஆள் வரப்போகிறது.

“ஆளு வீட்ல இருந்தாத்தான் பேரு எழுதுவாங்களாம். பூட்டிக் கெடந்தா தள்ளிட்டுப் போயினே இருப்பாங்களாம். ஜல்தியா வர்ற வழியப் பாருடி.”

“நா இன்னா புதுச்சேரிக்கா போயிருக்கேன், பஸ் ஏறி வர்றதுக்கு?” என்றாள் பச்சையம்மா. குரலில் கேலி இருந்தது. அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை என்று ரேவதி சொன்னாள்.

அவள் முறை வந்த அந்தக் காலையில் மேடம் ஃபைலைப் பிரித்தார். நாலைந்து தாள் தள்ளியதும் நின்றார். அந்தத் தாளையே இரண்டு தரம் படித்தார். பிறகு மிகவும் மெதுவான குரலில், “பச்சையம்மா, உங்களுக்கு ஜாமீன் குடுத்துட்டாங்க,” என்றார்.

பச்சையம்மா சட்டென்று எழுந்து நின்றாள். “இன்னைக்கா மேடம்?”

“இல்ல. கோடைக்கி முன்னாலயே.”

அப்போது வெளியே ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்தது.

இதை விளக்கிச் சொன்னால்தான் புரியும். ஜாமீன் உத்தரவை இப்போதெல்லாம் கோர்ட்டே ஈமெயிலில் சிறைக்கு அனுப்பிவிடுகிறது. நல்ல ஏற்பாடு. வந்தால் பிரிண்ட் எடுத்து ஃபைலில் சேர்க்க வேண்டும். சேர்த்திருந்தார்கள். ஆனால் சிறைக்காரர்களுக்கு ஜாமீன் உத்தரவு என்பது வெறும் தகவல். நாங்கள் மதிப்பது ரிலீஸ் ஆர்டரைத்தான். ஜாமீன்தாரர் இரண்டு பேர் கோர்ட்டில் போய் நின்று, வீட்டு வரி ரசீதைக் காட்டிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது வரும். அது வந்தால் எந்த வேலையாக இருந்தாலும் போட்டுவிட்டு ஓடுவோம். வராதவரைக்கும் அந்தப் பெண்பிள்ளை எங்களுக்கு ஒரு தலை. அவளுக்கு ஜாமீன் கேட்ட வக்கீல், ஜெயிலில் சொல்லியிருப்பார்கள் என்று இருந்துவிட்டார். ஜெயில், வக்கீல் சொல்லியிருப்பார் என்று இருந்துவிட்டது. தப்பு என்று ஒரு ஆளைக் காட்ட முடியாது. எல்லோரும் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தோம்.

பச்சையம்மா அழவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அப்போ இத்தினி நாளா நா இன்னாத்துக்கு இங்க குந்திக்கினு இருக்கேன்?” என்றாள். மேடத்தைப் பார்த்துக் கேட்கவில்லை, என்னைப் பார்த்துக் கேட்டாள். சாவி என் இடுப்பில்தானே இருந்தது.

ஜாமீன்தாரருக்கு யார் இருக்கிறார்கள் என்று மேடம் கேட்டார். நாத்தனார் இருக்கிறாள், அவள் வீடும் அதே ஏரிப் புறம்போக்கு. வரி ரசீது கிடையாது. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அதே கதிதான். பட்டா இருந்தால் ரசீது கிடைக்கும், ரசீது இருந்தால் வெளியே போகலாம், வெளியே போய் வீட்டில் இருந்தால்தான் பட்டா கிடைக்கும். நான் மனதுக்குள் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன். எங்கே ஆரம்பித்தாலும் அவள் உள்ளேதான் வந்து நின்றாள்.

மேடம் அன்று மீதி ஃபைல்களையும் உட்கார்ந்து பார்த்தார். பச்சையம்மாவையும் சேர்த்து நாலு பேர் அப்படி இருந்தார்கள். சாயங்காலம் எண்ணிக்கை முடிந்து நான் பலகையில் எழுதப் போனபோது கூடவே வந்து, “கீழ ஒரு வரி சேர்த்து எழுதுங்க விஜயா,” என்றார். சொல்லச் சொல்ல எழுதினேன்: ஜாமீன் கிடைத்தும் போகாதவர்கள், நாலு.

எழுதிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். தினம் எழுதிய கைதான், தினம் பார்த்த பலகைதான். ஆனால் அன்றைக்கு அதைப் படிக்க எனக்கே கூச்சமாக இருந்தது. மனு பார்க்க வந்தவர்களெல்லாம் நின்று படித்தார்கள். “எங்க அக்கா இந்த நாலுல இருக்குதா ஏட்டம்மா?” என்று ஒருவன் கேட்டான். பால் ஊற்ற வந்தவர் கூடக் கேட்டார், “இது இன்னாங்க புதுசா பேஜாரா இருக்குதே, ஜாமீன் குடுத்தும் ஏன் வுடல?” என்று.

அந்த வரி ரொம்ப நாள் நிற்கவில்லை. ஆய்வுக்கு வந்த மேலதிகாரி காரை விட்டு இறங்கியதும் அதைத்தான் பார்த்தார்.

“இது எந்த ரூல்ல இருக்கு?”

“ரூல்ல இல்லைங்க ஐயா. உள்ள இருக்கு,” என்றார் மேடம்.

“மாதாந்திர அறிக்கைல இப்படி ஒரு கட்டமே கிடையாது. நீங்களா ஒண்ணு சேர்த்தா, நாளைக்கி எல்லாச் சிறையிலயும் கேப்பாங்க. அழிச்சிடுங்க.”

மேடம் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான்தான் ஈரத்துணியால் அழித்தேன். அந்த அதிகாரி கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். கழிப்பறைக் கதவு உடைந்திருப்பதைப் பார்த்து அன்றைக்கே பணம் ஒதுக்கிவிட்டுப் போனவர் அவர்தான். கட்டம் இல்லாத விஷயம் அவருக்குக் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். இந்தப் பெண்களுக்குத் தொழிற்பயிற்சி வேண்டும் என்று மேடம் அப்போதே கேட்டார். தண்டனைக் கைதிக்குத்தான் அதற்கு நிதி, விசாரணைக் கைதிக்கு இல்லை என்று பதில் வந்தது. குற்றம் நிரூபணம் ஆனவளுக்கு வேலை கற்றுக்கொடுப்போம். ஆகாதவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். யாருடைய மூளையில் இது உதித்ததோ!

கார் போனதும் எனக்கு ஆத்திரம் பொங்கியது. “இவ்ளோதானா மேடம்? விட்டுட்டீங்களே?” என்று கேட்டே விட்டேன். மேலதிகாரியிடம் அப்படிப் பேசியது என் சர்வீஸில் அதுதான் முதல் தடவை.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “பலகைல எழுத ரூல் வேணும். சாயங்காலம் நீங்க எங்கிட்ட வாயால சொல்றதுக்கு ரூல் ஏதாவது தடுக்குதா?”

“இல்லைங்க மேடம்.”

“அப்புறம்?”

அன்று சாயங்காலம் குரலை உயர்த்திச் சொன்னேன். “எண்ணிக்கை சரிங்க மேடம். பூட்டு சரிங்க மேடம். ஜாமீன் கிடைச்சும் போகாதவங்க நாலு பேருங்க மேடம்.” கூடத்துக் கம்பிக்குப் பின்னால் இருந்த பெண்கள் எல்லோருக்கும் கேட்டது. மறுநாளும் சொன்னேன். அதற்கு மறுநாளும். எனக்கு லீவு என்றால் ரேவதி சொன்னாள்.

மாதம் ஒரு தடவை நீதிபதி ஒருவர் சிறையைப் பார்க்க வருவது வழக்கம். சாப்பாட்டை ருசி பார்ப்பார், குறை இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்பார், எல்லோரும் இல்லை என்பார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அந்த மாதம் வந்த நீதிபதி முன்னால் நான் போய் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தேன். வந்தவருக்குக் கணக்குச் சொல்வது தலைமைக் காவலரின் கடமை. சொன்னேன். கடைசி வரியையும் விடாமல் சொன்னேன்.

சாம்பார்க் கரண்டியை எடுக்கப் போனவர் அப்படியே திரும்பினார். “என்னம்மா சொன்னீங்க?”

திரும்பச் சொன்னேன்.

“யார் அந்த நாலு பேர்?”

பச்சையம்மா முன்னால் வந்தாள். அவரிடம் அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “ஐயா, எங்க வூட்டக் கணக்கெடுக்க வராங்களாம். நா போயி வாசல்ல நிக்கணுங்க.”

அவர் அங்கேயே உட்கார்ந்து, இலவச சட்ட உதவி வக்கீலை வரவழைத்து, நாலு பேருக்கும் கோர்ட்டில் மனுப் போடச் சொன்னார். பச்சையம்மாவுக்கு ஜாமீன்தாரர் இல்லாமல் சொந்தப் பிணையிலேயே போகலாம் என்று உத்தரவு வந்தது. ரிலீஸ் ஆர்டரைப் பார்த்ததும் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவளுடைய பழைய புடவையை எடுத்துக் கொடுத்தேன். அது அவள் உடம்பில் தொளதொளவென்று தொங்கியது.

ஆனால் கணக்கெடுப்பு அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டிருந்தது. அவள் வீட்டுக் கதவில் ‘ஆள் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

இதை அவள் போன் செய்து சொன்னபோது, இனி நமக்கென்ன என்று இருந்திருக்கலாம். வெளியே போனவள் எங்கள் எண்ணிக்கையில் கிடையாது. அவள் என்ன ஆனாள் என்று கேட்க எந்தப் படிவத்திலும் இடம் இல்லை. ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. மேடம் ஒரு சான்று எழுதிக் கொடுத்தார். இன்ன நாளிலிருந்து இன்ன நாள் வரை இவர் அரசுக் காவலில் இருந்தார், அதனால்தான் வீடு பூட்டியிருந்தது என்று. லீவு போட்டுவிட்டு, சாதாரணப் புடவையில் நானும் அவளோடு தாலுக்கா ஆபீசுக்குப் போனேன்.

ஜெயில் முத்திரை போட்ட தாளை நாலு பேர் நடுவில் நீட்ட அவளுக்குத் தயக்கம். நானும் வற்புறுத்தவில்லை. குமாஸ்தா, “ஆள் இல்லாத வீடுன்னு எழுதியாச்சும்மா, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது,” என்றார். அந்த வார்த்தையில்தான் அவளுக்குச் சுரீர் என்றது. தாளை மேஜை மேல் விரித்து வைத்தாள்.

“ஆளு இருந்துதுங்க. கவருமெண்டு கிட்டயேதான் இருந்துது. ஒரு கவருமெண்டு புடிச்சி வெச்சிக்கினு, இன்னொரு கவருமெண்டு ஆளு இல்லன்னா, நா எங்கதாங்க இருந்தேன்?”

தாசில்தார் எட்டிப் பார்த்து உள்ளே கூப்பிட்டார். அன்றைக்கே வேலை முடிந்துவிடவில்லை. எத்தனை தடவை அலைந்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். கடைசியில் கூடுதல் பட்டியலில் பேர் ஏறியது. இடம் இன்னும் கைக்கு வரவில்லை. வரும்வரை விடமாட்டாள்.

வேலை கிடைப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. கூட்டேரிப்பட்டு ஓட்டல்காரர்கள் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். கேஸ் முடிஞ்சப்புறம் வா என்றார்கள். கேஸோ வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக இழுத்துக்கொண்டிருக்கிறது. பிறகு மயிலத்தில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்யும் ஒருவரிடம் நான் கேட்டுப் பார்த்தேன். கத்தியைக் கொடுத்து ஒரு நாள் காய் நறுக்கவிட்டுப் பார்த்தார். அடுத்த முகூர்த்தத்துக்கும் வரச் சொல்லிவிட்டார். இப்போது முகூர்த்த நாளெல்லாம் அவளுக்கு வேலை உண்டு. இதையெல்லாம் செய்தது என் டூட்டி இல்லை. ஒரு ஏட்டம்மாவுக்கு மனசு வந்தால் நடக்கும், வராவிட்டால் நடக்காது என்று இருக்கக் கூடாது. யாருடைய டூட்டி என்று சட்டம் எழுதி வைக்க வேண்டும்.

ஏனென்றால் தமயந்தி மேடம் மாற்றலில் போனதும் எல்லாம் பழையபடி ஆனது. அடுத்து வந்தவர் நல்ல மனிதர்தான். முதல் சாயங்காலம் நான் வழக்கம்போலக் கடைசி வரியைச் சொன்னதும், “அதெல்லாம் வேணாம்மா, எண்ணிக்கை மட்டும் சொல்லுங்க போதும்,” என்றார். நான் ரிட்டயர் ஆகும் நாள் வரை சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். அவரும் காதில் வாங்காமல்தான் இருந்தார்.

இப்போது நிலைமை முன்பு போல இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தண்டனைக் காலத்தில் ஒரு பங்கை விசாரணையிலேயே கழித்தவர்களுக்காகச் சிறை அதிகாரியே கோர்ட்டுக்கு எழுத வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. சந்தோஷம். ஆனால் ஜாமீன் கிடைத்தும் போகாதவர் எத்தனை, ஏன் போகவில்லை, போனவர் என்ன ஆனார் என்பதைத் தினக் கணக்கிலேயே சேர்த்து ஊருக்குத் தெரிய வைக்க வேண்டும். நல்ல அதிகாரி வந்தால் எழுதுவதும் மாற்றலில் போனால் அழிப்பதுமாக இருக்கக் கூடாது. இதைத்தான் விழுப்புரத்தில் சொல்லப் போனேன்.

கூட்டம் ஒரு ஏ.சி. ஹாலில் நடந்தது. முன்வரிசையில் கமிட்டி ஆட்கள், பக்கத்தில் டைப் அடிப்பவர். எனக்கு முன்னால் பேசியவர்கள் சம்பளம், பதவி உயர்வு என்று பேசினார்கள், அதுவும் நியாயம்தான். என் முறை வந்ததும் ஒரு நிமிஷத்தில் என் பேச்சை முடித்துக்கொண்டு, மீதி நேரத்தை இவங்களுக்குக் கொடுக்கிறேன் என்று பச்சையம்மாவை மைக் முன்னால் நிறுத்தினேன். பின்வரிசையில் ரேவதி வாயைப் பிளந்தது எனக்குத் தெரிந்தது. சிறையில் இருந்தவர்கள் பேச ஏற்பாடு இல்லையே என்று ஒருவர் ஆரம்பித்தார். தலைவர் கையமர்த்தினார். தன்மையான ஆள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பேனாவை எடுத்து, “சொல்லுங்கம்மா. நீங்க எத்தனை மாசம் உள்ள இருந்தீங்க?” என்று கேட்டார்.

பச்சையம்மா மைக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்புறம் அவரைப் பார்த்தாள்.

“எதக் கேக்கறீங்க ஐயா? வுடச் சொல்றதுக்கு முன்னால இருந்ததையா, வுடச் சொன்னதுக்கு அப்பால இருந்ததையா?”

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“முன்னால கொஞ்சந்தாங்க. அப்பால இருந்ததுதான் ஜாஸ்தி.”

டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் விரலை எடுத்துவிட்டு, இதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தலைவரைக் கேட்டாள். அவர் தன் முன்னால் இருந்த படிவத்தை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு, “இதுக்குக் கட்டம் இல்லைம்மா,” என்றார்.

“கட்டம் போடுங்க ஐயா,” என்றாள் பச்சையம்மா. “நா நிக்கறேன்.”